முக்கால் கிலோ நுரை

2003 ஜனவரி 16. ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 81.7 நொடிகள் ஆகியிருந்தன. உயரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வேகம் ஒலியின் வேகத்தைப் போல இரண்டரை மடங்கு. அப்போது விண்ணோடத்தோடு பிணைத்திருந்த ஆரஞ்சு நிற எரிபொருள் தொட்டியான புறத்தொட்டியின் முன்பகுதியிலிருந்து, அதன் மேல் பூசியிருந்த காப்பு நுரையில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதிப் பொடிப்பொடியாகச் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தரையிலும் அன்று யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் ஏவுதல் படங்களை ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நல்ல கோணத்தில் வைத்திருந்த ஒரு கேமராவோ அன்றைக்கென்று பார்த்துக் குவியம் தவறியிருந்தது.

பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 1 காலையில், தரையிறங்க இன்னும் கால் மணி நேரமே இருக்கும்போது நுரை மோதிய இடத்து ஓட்டை வழியே இறக்கைக்குள் வெப்பம் புகுந்து, டெக்சஸ் வானில் கொலம்பியா உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தனர்.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேட்ட எவருக்கும் ஒரு சந்தேகம் எழாமல் போகாது: பெட்டிக்குள் பொருள் உடையாமல் இருக்க வைக்கிற நுரை போன்ற ஒன்று, இறக்கை முனையைப் போர்த்தியிருந்த, 1,650 டிகிரி செல்சியஸைத் தாங்கும் கரிமத் தகட்டை எப்படி உடைக்கும்? நாசாவிலேயே பலர் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் பின்னால் இருந்த நம்பிக்கைதான் உண்மையில் ஆபத்தானது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நுரைத்துண்டு தொட்டியில் ஒட்டியிருந்தவரை விண்ணோடத்தோடு சேர்ந்து மணிக்குச் சுமார் 2,500 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பிய்ந்த கணத்தில் அது தனியாள். அதைத் தள்ள எந்த எந்திரமும் இல்லை; எதிர்க்காற்று மட்டும் முகத்தில் அறைகிறது. கனமான இரும்புத்துண்டாக இருந்திருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடத்தோடு கூடவே போயிருக்கும். நுரைக்கு அந்தக் கனம் இல்லை. 0.16 நொடிக்குள் அதன் வேகம் மணிக்கு 1,640 கிலோமீட்டராக இறங்கிவிட்டது. புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 150 மடங்கு விசை அதைப் பின்னுக்கு இழுத்தது என்று அர்த்தம். பின்னால் விண்ணோடமோ வேகம் குறையாமல், இன்னும் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. நுரை இறக்கையின் மீது விழவில்லை. இறக்கைதான் நுரையின் மீது போய் மோதியது. இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம் மணிக்குச் சுமார் 880 கிலோமீட்டர்.

அந்தத் துண்டின் எடை ஏறத்தாழ 0.76 கிலோ என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த எடையையும் இந்த வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதற்கு ஈடான ஆற்றல் வருகிறது. அது முழுவதும் இறக்கை முனையில் ஒரு சின்ன இடத்தில் இறங்குகிறது. லேசான பொருள் என்பதால் ஆபத்தில்லை என்று நாம் நினைக்கிறோம். இங்கே லேசாக இருந்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் வேகம் இழந்தது. வேகம் இழந்ததால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது. உள்ளுணர்வு இதற்கு நேர் எதிராகச் சொல்லும்.

பிய்ந்த நேரமும் மோசமான நேரம். கிளம்பிய சில நொடிகளில் பிய்ந்திருந்தால் ஓடத்தின் வேகம் குறைவு, அடியும் குறைவு. இரண்டு நிமிடங்களைத் தாண்டியிருந்தால் சுற்றிலும் காற்று மெலிந்துபோயிருக்கும். துண்டு பின்தங்காமல் கூடவே மிதந்துவந்து விலகியிருக்கும். வேகமும் கூடி, காற்றும் இன்னும் அடர்த்தியாக இருக்கிற இடைப்பட்ட நேரத்தில் அது கழன்றது.

நுரை ஏன் அங்கே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புறத்தொட்டி சுமார் 47 மீட்டர் நீளம். அதற்குள் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும் சேர்ந்து 7 லட்சம் கிலோவுக்கு மேல் இருக்கும். போர்வை இல்லாமல் விட்டால் எரிபொருள் கொதித்து ஆவியாகும். அதைவிட முக்கியமாக, கடலோர ஈரக்காற்று தொட்டியின் மேல் பனிக்கட்டியாகப் படியும். பனிக்கட்டி உடைந்து விழுந்தால் ஓடத்தின் வெப்பக்காப்பு ஓடுகள் நொறுங்கும். ஆக, விழும் பொருளிடமிருந்து ஓடத்தைக் காக்கத்தான் நுரையே பூசப்பட்டது. காக்க வந்ததே விழும் பொருளாகிவிட்டது.

தொட்டியின் பெரும்பகுதியில் எந்திரம் நுரையைச் சீராகத் தெளித்துவிடும். சிக்கல், வளைவும் மூட்டும் உள்ள இடங்களில். விண்ணோடத்தின் மூக்குப் பக்கத்தைத் தொட்டியோடு பிணைக்கும் இருகால் தாங்கி அப்படி ஓர் இடம். அதன் மேல் தொழிலாளர்கள் நுரையைக் கையால் தெளித்து, கெட்டியானதும் சரிவான வடிவத்துக்குச் செதுக்குவார்கள். அடுக்கடுக்காகப் பூசும்போது நடுவே காற்றுக்குமிழிகளும் இடைவெளிகளும் சிக்கிக்கொள்ளும். பூசி முடித்த பிறகு அவற்றை வெளியிலிருந்து கண்டுபிடிக்க அன்று நம்பகமான வழி இருக்கவில்லை. கொலம்பியாவில் பிய்ந்தது அந்தச் சரிவுதான்.

அது முதல் முறையும் அல்ல. விண்ணோடத்தின் வடிவமைப்பு விதி, ஏவும்போது தொட்டியிலிருந்து எந்தப் பொருளும் கழன்று ஓடத்தின் மேல் படக்கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த விதி முதல் பறப்பிலிருந்தே மீறப்பட்டு வந்தது. நல்ல படங்கள் கிடைத்த 79 பறப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் நுரை உதிர்ந்திருந்ததாக விபத்தை ஆராய்ந்த குழு பின்னர் கணக்கிட்டது. இருகால் சரிவு மட்டுமே 1983 முதல் ஏழு முறை பிய்ந்திருந்தது, கொலம்பியாவுடையது ஏழாவது. ஒவ்வொரு முறையும் ஓடம் தரையிறங்கியதும் ஓடுகளில் விழுந்த பள்ளங்களை எண்ணி, அடைத்து, அடுத்த பறப்புக்குத் தயார் செய்தார்கள். ஆரம்பத்தில் பாதுகாப்புப் பிரச்சினையாக இருந்தது, போகப்போகப் பராமரிப்பு வேலையாக மாறியது. அடுத்த ஏவுதல் தள்ளிப்போகாமல் எத்தனை நாளில் ஓடு மாற்றலாம் என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிட்டது.

சமூகவியலாளர் டயேன் வான் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: பிறழ்ச்சி இயல்பாகிப்போதல். 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததை ஆராய்ந்தபோது அவர் கண்டெடுத்த கருத்து அது. தொட்டியின் இருபுறமும் உள்ள உந்து ராக்கெட்டுகளின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கருகி வந்தன, ஆனாலும் ஓடம் திரும்பி வந்தது. ஆகவே கருகுவது சகஜம் என்று ஆனது. பதினேழு ஆண்டுகள் கழித்து வளையத்தின் இடத்தில் நுரை. என்னைக் கேட்டால், இந்த விவகாரம் முழுவதையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம்: தப்பிப் பிழைத்ததை எல்லாம் பாதுகாப்புக்குச் சான்றாகக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

தப்பிப் பிழைத்தல் என்றால் என்ன என்பதற்கு 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் பறந்ததைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சேலஞ்சருக்குப் பிறகு நடந்த இரண்டாவது பறப்பு அது. ராணுவ ரகசியப் பயணம். கிளம்பி 85 நொடி வாக்கில் வலதுபக்க உந்து ராக்கெட்டின் மூக்கிலிருந்து காப்புப்பொருள் பிய்ந்து ஓடத்தின் அடிவயிற்றில் சரமாரியாக அடித்தது. தரையிலிருந்து எச்சரிக்கை வரவே, தளபதி ராபர்ட் கிப்சனும் மற்ற நால்வரும் எந்திரக் கையின் கேமராவைத் திருப்பிப் பார்த்தார்கள். ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ஓர் ஓடு அடியோடு போயிருந்தது. படத்தைத் தரைக்கு அனுப்பினார்கள். ரகசியப் பயணம் என்பதால் அதைச் சங்கேதமாக்கி, தரம் குறைத்துத்தான் அனுப்ப முடிந்தது. மங்கலான அந்தப் படத்தைப் பார்த்த தரைக்குழு, அது வெளிச்சமும் நிழலும் செய்யும் வேலை, சேதம் பெரிதில்லை என்று முடிவு கட்டிவிட்டது. தாங்கள் பிழைக்கப்போவதில்லை என்றே எண்ணியதாகக் கிப்சன் பின்னாளில் சொன்னார்.

பிழைத்தார்கள். தரையிறங்கிய பின் எண்ணிப் பார்த்தால் 700-க்கும் மேற்பட்ட ஓடுகள் சேதம். அடியோடு போன ஓடு இருந்த இடத்தில் உள்ளே ஓர் ஆன்டெனாவுக்காகத் தடித்த உலோகத் தகடு பொருத்தியிருந்தார்கள். அந்தத் தகடு உருகத் தொடங்கியிருந்தாலும் துளை விழவில்லை. பக்கத்தில் வெறும் அலுமினியத் தோல் மட்டும் உள்ள இடத்தில் அதே ஓடு கழன்றிருந்தால் 1988-லேயே இந்தக் கட்டுரையின் கதை நடந்து முடிந்திருக்கும். அத்தனை நெருக்கமாக வந்து போன ஒரு சாவிலிருந்து மூக்குக்கூம்பின் காப்புப்பொருளை மாற்றுவது என்ற பாடம் கிடைத்தது. விழும் எந்தப் பொருளும் கொல்லும் என்ற பாடம் கிடைக்கவில்லை.

2002 அக்டோபரில், அதாவது கொலம்பியாவுக்கு மூன்று மாதம் முன்பு, அதே இருகால் சரிவு இன்னொரு முறை பிய்ந்தது. அந்த முறை அது உந்து ராக்கெட்டின் அடிப்பக்க வளையத்தில் மோதிப் பள்ளம் போட்டது. அடுத்த பறப்புக்கு முன் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினார்கள், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள், பறப்பை நிறுத்தவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் கெடு இன்னும் முடியாத நிலையிலேயே கொலம்பியா கிளம்பியது.

இனி அந்தப் பதினாறு நாள்கள். மோதல் தெரிந்தவுடன் பொறியாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சேதத்தைக் கணிக்க அவர்களிடம் 'க்ரேட்டர்' என்றொரு கணித மாதிரி இருந்தது. சிறுசிறு துண்டுகளை ஓடுகளில் மோதவிட்டுப் பெற்ற சோதனை முடிவுகளை வைத்து உருவாக்கியது. இப்போது மோதியதோ அந்தச் சோதனைத் துண்டுகளைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. அந்த மாதிரி, ஓட்டின் முழுத் தடிமனையும் தாண்டித் துளை விழும் என்றே கணக்குக் காட்டியது. க்ரேட்டர் எப்போதுமே கொஞ்சம் கூட்டிச் சொல்லும் என்று அதை ஒதுக்கினார்கள். அதைக் கூட்டத்தில் விளக்கிய படவில்லையின் (ஸ்லைடின்) தலைப்பு ஆறுதல் சொல்லும் தொனியில் இருந்தது. இந்தத் துண்டு நம் சோதனை வரம்புக்கு வெகு அப்பாற்பட்டது என்ற ஒற்றை வரி, எழுத்துகள் சிறுத்துச் சிறுத்துப்போன கடைசி அடுக்கில் கிடந்தது. தகவல் காட்சியியல் அறிஞர் எட்வர்ட் டஃப்ட் அந்த ஒரு படவில்லையைப் பற்றி எழுதிய விமர்சனத்தை விசாரணை அறிக்கையே எடுத்துக் காட்டியது. அலுவலகங்களில் இன்றும் படவில்லை தயாரிக்கிற எவரும் ஒருமுறை அதைப் பார்க்கலாம்.

பொறியாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: படம். ராணுவத்தின் உளவுச் செயற்கைக்கோளாலோ தரைத் தொலைநோக்கியாலோ இடது இறக்கையைப் படமெடுத்துத் தாருங்கள் என்றார்கள். வெவ்வேறு வழிகளில் மூன்று கோரிக்கைகள் கிளம்பின. மூன்றும் வழியிலேயே நின்றுபோயின. ஒரு கோரிக்கை ராணுவத்தின் கைக்கே போய்ச் சேர்ந்து, நிர்வாகம் முறைப்படி கேட்கவில்லை என்ற காரணத்தால் திரும்பப் பெறப்பட்டது. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், படம் கேட்காமல் விடுவது தவறு, பொறுப்பின்மைக்குச் சமம் என்று காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். எழுதியதை மேலதிகாரிகளுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது சொல்வது சுலபம். அனுப்ப முடியாத ஒரு சூழல் அங்கே நிலவியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அங்கே நிரூபிக்கும் சுமை தலைகீழாக மாறியிருந்தது. பறப்பது பாதுகாப்பானது என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டியதற்குப் பதிலாக, ஆபத்து இருக்கிறது என்று பொறியாளர் நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்கப் படம் வேண்டும். படம் வேண்டுமென்றால் ஆபத்து இருப்பதை நிரூபிக்க வேண்டும். இந்த வட்டத்துக்குள் ஒரு வாரம் போனது. இடையில் விண்ணோடத்துக்கே ஒரு மின்னஞ்சல் போனது: நுரை மோதியிருக்கிறது, இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை, செய்தியாளர்கள் கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறோம். அவ்வளவுதான்.

படம் கிடைத்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. விசாரணைக் குழு இதையும் ஆராய்ந்தது. மார்ச் 1-ம் தேதி பறக்கவிருந்த அட்லாண்டிஸ் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று ஷிஃப்ட் வேலை பார்த்து, எந்தச் சோதனையையும் விடாமல், பிப்ரவரி 10 வாக்கில் அதை ஏவியிருக்கலாம். கொலம்பியாவில் கரியமில வாயுவை உறிஞ்சும் குப்பிகள் தீரும்வரை, சிக்கனமாக இருந்தால் பிப்ரவரி 15 வரை தாக்குப்பிடித்திருக்கலாம். இரண்டு ஓடங்களும் அருகருகே பறக்க, வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக விண்வெளி உடையில் தாவியிருக்கலாம். கடினம், ஆனால் நடக்கக்கூடியது என்றது அறிக்கை. அதற்கு முதல் ஒரு வாரத்துக்குள்ளாவது துளையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

கண்ணால் பார்த்ததால் பிழைத்த ஒன்றும் உண்டு. 1973 மே 14 அன்று ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஆளில்லாமல் ஏவப்பட்டது. 63-வது நொடியில் அதன் விண்கல் காப்புத்தகடு காற்றில் பிய்ந்து பறந்தது. போகிற போக்கில் ஒரு சூரியத்தகட்டு இறக்கையின் பிடியைத் தளர்த்திவிட்டது. பின்னர் அந்த இறக்கை முழுவதுமாகப் பறிபோனது. மற்றொரு இறக்கையில் கிழிந்த உலோகப் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டு விரியவிடவில்லை. நிலையத்துக்குள் வெப்பம் ஏறியது. ஆனால் கருவிகள் உடனே காட்டிக்கொடுத்தன, சேதம் இல்லை என்று யாரும் வாதாடவில்லை. வீரர்களின் பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்துக் குடை ஒன்றைத் தைத்தார்கள். மே 25-ல் கிளம்பிப் போன கான்ராட், கெர்வின், வைட்ஸ் மூவரும் முதலில் நிலையத்தைச் சுற்றிவந்து பார்த்தார்கள். பிறகு குடையை விரித்தார்கள். ஜூன் 7-ம் தேதி கான்ராடும் கெர்வினும் வெளியே போய் அந்தப் பட்டையை வெட்டி இறக்கையை விடுவித்தார்கள். ஆளில்லாத கலம் என்பது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு சம்பவங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி, சேதம் எங்கே எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட முனைப்பில் இருக்கிறது.

கொலம்பியா விஷயத்தில் உண்மை வெளிவந்த விதமும் சொல்லத்தக்கது. கொலம்பியாதான் முதலில் பறந்த விண்ணோடம். ஆகவே மற்ற ஓடங்களில் இல்லாத, நூற்றுக்கணக்கான உணரிகளைப் பதிவு செய்யும் ஒரு பழைய காந்தநாடாப் பெட்டி அதில் இருந்தது. 84,000 துண்டுகளைத் திரட்டிய தேடலில், டெக்சஸின் ஹெம்ப்ஹில் ஊருக்கருகே அந்தப் பெட்டி ஏறக்குறைய முழுசாகவே கிடைத்தது. இடது இறக்கையின் முனைக்குள் வெப்பம் எந்த வரிசையில் எந்த உணரியை எட்டியது என்று நாடா சொன்னது. பாதை பின்னோக்கிப் போய் 8-ம் எண் கரிமத் தகட்டில் நின்றது. ராடார் பதிவுகளைத் தோண்டியபோது, பறந்த இரண்டாம் நாள் ஏதோ ஒரு பொருள் ஓடத்தைவிட்டு மெல்ல விலகிப்போனதும் தெரியவந்தது. உடைந்த தகட்டின் துண்டாக அது இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நுரையா உடைத்தது என்ற சந்தேகம் அடங்கவில்லை. 2003 ஜூலை 7 அன்று சான் ஆன்டோனியோவில், அட்லாண்டிஸிலிருந்து கழற்றிய அசல் 8-ம் தகட்டை நிறுத்தி, அழுத்த வாயுத் துப்பாக்கியால் அதே எடையுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் சுட்டார்கள். தகட்டில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. கூடியிருந்தவர்கள் வாயடைத்து நின்றதாக அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் செய்து பார்க்காத சோதனை அது.

நுரை மட்டுமே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. 1995-இல் ஏவுதளத்தில் நின்ற டிஸ்கவரியின் தொட்டியை மரங்கொத்திகள் கொத்தித் துளைகளிட்டன. ஓடத்தைத் திரும்பக் கூடத்துக்கு இழுத்துப் போய்ச் சரிசெய்தார்கள். (மரம் என்று நினைத்தனவா, கொத்துவதற்கு இதமாக இருந்ததா, தெரியாது. அதற்குப் பிறகு ஆந்தைக் கண் வரைந்த பலூன்களைக் கட்டிவைத்தார்கள்.) 2007 பிப்ரவரியில் ஆலங்கட்டி மழை அட்லாண்டிஸின் தொட்டியில் ஆயிரக்கணக்கான குழிகளைப் போட்டு, மார்ச்சில் நடக்க வேண்டிய ஏவுதலை ஜூனுக்குத் தள்ளியது. 1998-இல் டிஸ்கவரியின் வேகத்தடைப் பாராசூட்டின் கதவு கிளம்பும்போதே கழன்று எந்திரத்தின் மேல் பட்டது. 1999-இல் கொலம்பியாவின் ஒரு எந்திரத்துக்குள்ளிருந்தே ஒரு சிறு ஊசி பறந்துபோய் முனைக்குழலின் குளிர்விப்புக் குழாய்களைக் கிழிக்க, ஹைட்ரஜன் கசிந்துகொண்டே ஓடம் சுற்றுப்பாதைக்கு ஏறியது. 2008 மே 31 அன்று ஏவுதளத்தின் அடியில் எந்திரத் தீயை வெளியேற்றும் தீப்பள்ளத்தின் சுவரிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட செங்கற்கள் பெயர்ந்து பறந்தன. நல்லவேளையாக ஓடத்தின் பக்கம் எதுவும் வரவில்லை.

இத்தனையும் ஏன் விண்ணோடத்துக்கே நேர்ந்தது? அதன் உட்காரும் இடம் அப்படி. சோயூஸ், டிராகன், ஓரியன், ககன்யான் எல்லாவற்றிலும் மனிதர்கள் உள்ள கலம் ராக்கெட்டின் உச்சியில் இருக்கும். மேலிருந்து அதன் மீது விழப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் வெப்பக்காப்பும் கீழ்ப்பக்கம் மறைந்திருக்கும். விண்ணோடமோ தொட்டிக்குப் பக்கவாட்டில் தொங்கியது. இறக்கை முனைகளும் வயிற்றின் ஓடுகளும் அகலத் திறந்தபடி, தொட்டியின் மூக்கிலிருந்து எது உதிர்ந்தாலும் வரும் பாதையிலேயே இருந்தன. நுரையை எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த வடிவியலை மாற்ற முடியாது. 2011-இல் விண்ணோடங்களை ஓய்வுக்கு அனுப்பியதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்கு இதுவே முதல் காரணமாகப் படுகிறது.

உச்சியில் உட்கார்ந்தால் எல்லாக் கவலையும் தீர்ந்துவிடாது. 2022 நவம்பரில் நாசாவின் ஆளில்லா நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 கிளம்பும் முன் ஒரு சூறாவளி ஓரியன் கலத்தைச் சுற்றியிருந்த ஒட்டுப்பசைப் பட்டையில் ஒரு நீளத்தைப் பிய்த்துப்போட்டது. மீதியும் பறக்கும்போது பிய்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஏவினார்கள். 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதன்முறை முழு அளவில் கிளம்பியபோது, தீப்பள்ளமோ தண்ணீர்ப் பொழிவோ இல்லாத தளத்தின் கான்கிரீட் 33 எந்திரங்களின் வேகத்தில் வெடித்துப் பெயர்ந்து, துண்டுகள் கடல்வரை பறந்தன. அடுத்த ஏவுதலுக்கு முன் தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தகட்டைத் தளத்தின் அடியில் பதித்தார்கள்.

விண்ணோடத்துக்கே திரும்புவோம். கொலம்பியாவுக்குப் பிறகு இருகால் சரிவையே எடுத்துவிட்டு, பனி படியாமல் இருக்க மின்சூடேற்றிகளை வைத்தார்கள். ஏவுதலை நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்கள் படம்பிடித்தன. இறக்கை முனைகளுக்குள் மோதலை உணரும் உணரிகளைப் பதித்தார்கள். எந்திரக் கையின் நுனியில் 15 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீட்சியை மாட்டி, சுற்றுப்பாதையில் இறக்கைகளை லேசரால் தடவிப் பார்த்தார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது ஓடம் மெதுவாகக் குட்டிக்கரணம் போட்டு வயிற்றைக் காட்டும். நிலையத்தில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே படமெடுப்பார்கள்.

இரண்டரை ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2005 ஜூலை 26-ல் டிஸ்கவரி கிளம்பியது. இரண்டு நிமிடங்கள் தாண்டியதும் தொட்டியின் வேறொரு சரிவிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நுரைத்துண்டு கழன்று போனதைப் புதிய கேமராக்கள் துல்லியமாகக் காட்டின. காற்று மெலிந்த உயரம். ஓடத்தில் படாமல் விலகிப்போனது. நாசாவுக்கு அதைவிட அவமானமான ஒரு தருணம் இருந்திருக்காது. ஆனாலும் இந்த முறை எவரும் இது வழக்கம்தான் என்று சொல்லவில்லை. ஓடங்களை மறுபடி ஓராண்டு தரையில் நிறுத்தி, அந்தச் சரிவையும் தொட்டியிலிருந்து நீக்கினார்கள்.

2007 ஆகஸ்டில் எண்டவரின் வயிற்றில் வெப்பக்காப்பு ஓடு ஒன்றின் மேல் துண்டொன்று மோதி, 9 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. லேசரால் அதன் ஆழத்தை அளந்தார்கள். அதே வடிவப் பள்ளத்தைத் தரையில் செய்து சூடேற்றிச் சோதித்தார்கள். அடைக்காமலே இறங்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற அதே முடிவுதான் 2003-லும் எடுக்கப்பட்டது. 2007-இல் எடுத்தவர்கள் பள்ளத்தைப் பார்த்திருந்தார்கள்.

2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைச் செப்பனிட அட்லாண்டிஸ் போக வேண்டியிருந்தது. ஹப்பிளின் சுற்றுப்பாதை வேறு. இறக்கையில் அடிபட்டால் விண்வெளி நிலையத்தில் போய்த் தங்க முடியாது. அதனால் 39ஏ தளத்தில் அட்லாண்டிஸ் நிற்க, 39பி தளத்தில் எண்டவர் நின்றது, நான்கே பேர் கொண்ட மீட்புக் குழுவோடு, அழைத்தால் சில நாள்களில் கிளம்பும் நிலையில். மே 11-ல் அட்லாண்டிஸ் ஏறியது. ஆய்வில் வலது இறக்கை இணையும் பக்கம் ஓடுகளில் சிறு கீறல் வரிசை ஒன்று தெரிந்தது. அளந்து பார்த்து, ஆபத்தில்லை என்றார்கள். எண்டவரை அழைக்க வேண்டிவரவில்லை. மே மாத இறுதியில் அதை 39ஏ தளத்துக்கு நகர்த்தினார்கள். ஜூலை 15 அன்று அது தன் சொந்தப் பயணத்துக்குக் கிளம்பியபோது, தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து நுரை கீற்றுக்கீற்றாக உரிந்து பறந்ததைக் கேமராக்கள் பதிவு செய்தன.